ஊசி போட்ட மாதத்தில் நாள் தள்ளினால்

‘நாள் தள்ளிப்போச்சு’ என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் சொன்னால், கேட்பவருக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: முழுகாமல் இருக்கிறாளா? கல்யாணமானவள் என்றால் வீடு மகிழும். ஆகாதவள் என்றால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காய்ச்சல், கவலை, பட்டினி, ராத்திரி முழிப்பு, போட்ட ஊசி என்று நாள் தள்ளுவதற்கு வேறு பத்துக் காரணங்கள் உண்டு. நம் பேச்சில் அவற்றுக்கு இடம் இல்லை. தடுப்பூசிக்குப் பிறகு மாதவிலக்கு நான்கு நாள் பிந்தினால் அது இத்தனை பெரிய பயமாக மாறுவதற்கு, உடம்பில் நடப்பதைவிட இந்தப் பேச்சுப் பழக்கம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

2021 ஏப்ரலில், 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் மே 1 முதல் கொரோனா ஊசி என்று அறிவிப்பு வந்த கையோடு ஒரு வாட்ஸாப் செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் பெண்கள் ஊசி போடக் கூடாது, அப்போது எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் என்றது அது. பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. மறுப்பு சரி. மாதவிலக்கின் எந்த நாளிலும் ஊசி போடலாம், அதில் ஆபத்து இல்லை. ஆனால் பெண்கள் அடுத்துக் கேட்டது வேறு கேள்வி: ‘போட்டபிறகு நாள் மாறுமா?’ அதற்கு அன்று யாரிடமும் நேரான பதில் இல்லை. கொரோனா ஊசிகளைப் பரிசோதித்த பெரிய ஆய்வுகளில் கை வலியையும் காய்ச்சலையும் அசதியையும் நாள்தோறும் குறித்து வாங்கினார்கள். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டது, கர்ப்பமாக இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். ஊசிக்குப் பின் சுழற்சி என்ன ஆனது என்று பின்தொடரவில்லை.

இத்தனைக்கும் சந்தேகம் புதிது அல்ல. டைபாய்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் மாதவிலக்கில் மாற்றம் வந்ததைப் பற்றி 1913-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் கேட்காமல் விட்ட கேள்வி இது. அதனால்தான் ‘ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று ஆஸ்பத்திரி மேசையில் சொல்லி அனுப்பியதை நான் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் உடம்பில் கண்ணால் பார்த்ததை ‘இல்லை’ என்று சொன்னவரை, அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்லும்போதும் ஒருத்தி நம்ப மாட்டாள்.

சம்பந்தம் உண்டு. சிறியது, தற்காலிகமானது. எவ்வளவு சிறியது என்று எண்ணோடு சொல்லிவிடலாம்.

அதற்கு முன் சுழற்சி எப்படி ஓடுகிறது என்று ஒரு பார்வை. ரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று வைத்து, அடுத்த முறை படும் நாளுக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் அது ஒரு சுழற்சி. வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள்வரை இயல்பு. இது இரண்டு பாதி. முதல் பாதியில் சினைமுட்டை முதிர்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும் அங்கிருந்து சினைப்பைக்கும் ஹார்மோன் வழியே உத்தரவு இறங்குகிறது. முட்டை வெளிவந்தபின் தொடங்கும் இரண்டாம் பாதி, பெரும்பாலும் 12 முதல் 14 நாள். இந்த இரண்டாம் பாதி அதிகம் நீளாது, குறையாது. நாள் தள்ளுகிறது என்றால் பெரும்பாலும் முதல் பாதி நீண்டிருக்கிறது, அதாவது முட்டை தாமதமாக வந்திருக்கிறது.

ஊசி போட்டதும் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்னும் செய்தி மூலக்கூறுகளை ரத்தத்தில் விடுகிறது. அன்று இரவு வரும் காய்ச்சலும் அசதியும் அதனால்தான். மூளையிலிருந்து சினைப்பைக்கு இறங்கும் உத்தரவை அதே செய்தி சில நாள் தடுமாற வைக்கிறது என்பதே இப்போதைக்குப் பொருந்திவரும் விளக்கம். ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: சுழற்சியின் முதல் பாதியில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக ஒரு நாள் நீண்டது, முட்டை வெளியான பிறகு போட்டவர்களுக்கு மாற்றம் இல்லை. கடும் காய்ச்சலில் படுத்த மாதம் நாள் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கொரோனா நோயே வந்தவர்களுக்கும் சுழற்சி மாறியிருக்கிறது.

இனி எண்கள். அமெரிக்காவின் ஓரிகான் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில் அலிசன் எடல்மன் தலைமையிலான குழு, செல்பேசிச் செயலியில் ஏற்கெனவே மாதவிலக்குத் தேதிகளைப் பதிந்துவந்த பெண்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. இது முக்கியம். நடந்தபின் நினைவிலிருந்து சொன்னது அல்ல, ஊசிக்கு முந்தைய மாதங்களிலேயே எழுதிவைத்தது. 2022 செப்டம்பரில் வெளியான பெரிய கணக்கில் 19,622 பேர். ஊசி போட்டவர்கள் 14,936, போடாதவர்கள் 4,686. முதல் ஊசி போட்ட சுழற்சி சராசரியாக 0.71 நாள் நீண்டது, ஏறக்குறைய 17 மணி நேரம். இரண்டாம் ஊசிக்கு 0.56 நாள், 13 மணி நேரம். ரத்தம் படும் நாள்களின் எண்ணிக்கை மாறவில்லை. அடுத்த சுழற்சியிலேயே பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஊசியின் வகை மாறினாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

சராசரி என்பது ஏமாற்றும். எல்லோருக்கும் 17 மணி நேரம் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்கு எட்டு நாளும் போகும். எட்டு நாளோ அதற்கு மேலோ மாறினால் மருத்துவக் கணக்கில் அது கவனிக்க வேண்டிய மாற்றம். ஊசி போட்டவர்களில் 6.2 சதவீதத்தினருக்கு அப்படி ஆனது. போடாதவர்களில்? 5.0 சதவீதம்.

இந்த 5.0-ஐத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடியிலிருந்து விடியும் முன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் கேரளத்தின் இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களில் 100 பேரை எடுத்துக்கொள்வோம். ஊசி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் அவர்களில் ஐந்து பேருக்கு எட்டு நாள் முன்பின் ஆகியிருக்கும். யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் ஊசி போட்டால் ஆறு பேருக்கு ஆகும். இப்போது ஆறு பேரும் ஒரே ஜீப்பில் உட்கார்ந்து ஊசியைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கூடுதலாக வந்தது அந்த ஆறில் ஒன்று.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சுழற்சி ஒழுங்காக உள்ளவர்கள், கருத்தடை ஹார்மோன் எடுக்காதவர்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும், வயதுக்கு வந்து ஓரிரு வருஷமே ஆன பிள்ளைகளுக்கும், மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்கும் சும்மாவே முன்பின் ஆகும். அவர்கள் இந்த எண்களைத் தங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இரண்டு ஊசியும் ஒரே சுழற்சிக்குள் விழுந்தவர்களுக்கு மட்டும் 3.7 நாள் நீண்டது. ஃபைசர் ஊசியின் இடைவெளி 21 நாள், மாடர்னாவுக்கு 28. அதனால் அப்படி விழ வாய்ப்பு இருந்தது. நம் ஊரில் அதிகம் போட்ட கோவிஷீல்டுக்கு 2021 மே மாதத்திலிருந்து இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று இருந்தது. இரண்டும் ஒரே சுழற்சிக்குள் விழவே விழாது. கோவாக்சினுக்கு நான்கு முதல் ஆறு வாரம். முதல் ஊசியை மாதவிலக்கான முதல் சில நாளில் போட்டு, சுழற்சியும் 35 நாளைப் போல நீளமாக இருந்தால் விழலாம். வெளிநாட்டுச் செய்தியின் ‘நாலு நாள் தள்ளும்’ என்ற வரியை இங்கே எல்லோருக்கும் பொருத்தியது இந்தக் கணக்கைப் பார்க்காததால்.

அதிகப்படியாக ரத்தம் போவது தனிக் கதை, இதில்தான் எனக்குக் கவலை அதிகம். 2022 ஜூலையில் வந்த ஒரு அமெரிக்கக் கருத்துக்கணிப்பில் 39,129 பேர் பதில் எழுதினார்கள். சுழற்சி ஒழுங்காக உள்ளவர்களில் 42 சதவீதம் பேர் வழக்கத்தைவிட அதிகம் பட்டது என்றார்கள், 44 சதவீதம் பேர் மாற்றம் இல்லை என்றார்கள். தானாக முன்வந்து எழுதுபவர்களில் தொந்தரவு கண்டவர்களே அதிகம் இருப்பார்கள், ஆகவே 42-ஐ ஊர் முழுதுக்கும் பொருத்தக் கூடாது. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை, ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக மாதவிடாய்ப் போக்கைச் சேர்க்கச் சொன்னது. எத்தனை பேருக்கு என்ற கணக்கு இல்லாமல். 2023-இல் ஸ்வீடனில் 29 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோதோ, மாதவிலக்குக் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும் ஊசிக்கும் இடையே பலவீனமான, ஒன்றோடொன்று ஒத்துவராத தொடர்புதான் தெரிந்தது.

மூன்றும் முரண் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு மாதம் இரண்டு நாப்கின் கூட ஆனதற்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நம் பக்கத்தில் தலை சுற்றி விழும்வரை போவதில்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில் எதிர்ப்பு அணுக்கள் நிறைய உண்டு. அது உதிர்வதும் ஆறுவதும் அவற்றின் வேலையோடு பிணைந்தது. ஊசிக்குப் பின் அங்கே ஒரு மாதம் ஆறுவது பிந்தினால் போக்கு கூடலாம்.

அந்த ஒரு மாதம் எல்லோருக்கும் ஒன்று அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3. மலையில் ஒரே வரிசையில் நின்று ஏலக்காய் பறிக்கும் இருவரில் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 12.5, இன்னொருத்திக்கு 8.5 இருக்கலாம். முதலாமவளுக்கு அது தொந்தரவான ஒரு மாதம், இரண்டாமவளுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்கிக் கண் இருட்டும் மாதம். ஊசி போடுகிற இடத்தில் ‘அலர்ஜி இருக்கா?’ என்று கேட்பதோடு ‘ரத்தம் எவ்வளவு இருக்கு, கடைசியா எப்போ பார்த்தீங்க?’ என்றும் கேட்டால் எத்தனையோ பேரைப் பிடித்துவிடலாம்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் ஒன்று போதும்; கிழித்துப்போடும் தினசரிக் காலண்டர் வேண்டாம், போன மாதக் கணக்கு குப்பைக்குப் போய்விடும். ரத்தம் பட்ட முதல் நாளுக்கு ஒரு வட்டம், நின்ற நாளுக்கு ஒரு கோடு, ஊசி போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பாதுகாக்க வேண்டியது ஊசிக்கு முந்தைய மூன்று மாதங்களின் கணக்கை. அது இல்லாமல் ‘மாறிவிட்டது’ என்று சொன்னால் எதிலிருந்து மாறியது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை நாப்கின், அதில் எத்தனை முழுக்க நனைந்தவை என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். துணி வைப்பவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும். மாதவிடாய்க் கப் பயன்படுத்துவோருக்கு எளிது, பலவற்றில் மில்லி அளவுக் கோடே இருக்கும். ஒரு மாதவிலக்குக்குப் பொதுவாகப் போவது 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டரை மேசைக்கரண்டி. 80 மில்லிக்கு மேல், ஐந்து மேசைக்கரண்டியைத் தாண்டினால் அதிகம்.

ஊசி போட்ட மாதத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்கள், எதிர்பார்க்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்பிருந்து வரும்வரை மாற்றுத் துணியும் நாப்கினும் பையில் வைத்திருங்கள். மலைச்சரிவில் கழிப்பறை கிட்டத்தில் இருக்காது. ஆராய்ச்சிக் கணக்கில் ‘17 மணி நேரம்’ என்பது சின்ன எண்தான். சாயங்காலம் ஜீப் இறங்கும்வரை மாற்ற வழியில்லாதவளுக்கு அது சின்னது அல்ல.

நாள் ஒரு வாரம் தள்ளினால், கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பிறகு தெரியவருவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. கிராம சுகாதார செவிலியரிடமோ, கேரளப் பக்கத்தில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளரிடமோ பரிசோதனை அட்டை இலவசமாகக் கிடைக்கும். காலையில் முதலில் போகும் சிறுநீரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் கர்ப்பம் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு, ஒன்றுமே தெரியாவிட்டால் அட்டை கெட்டது. இல்லை என்று வந்து மாதவிலக்கும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலும் கொரோனா ஊசியால் பயப்பட ஒன்றும் இல்லை. 2021 ஜூலையிலேயே இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கும் அதை அனுமதித்துவிட்டார்கள். ‘ஊசி போட்டால் பிள்ளை தங்காது’ என்ற பேச்சுக்கும் பதில் உண்டு: பிள்ளைக்கு முயன்றுகொண்டிருந்த 2,000-க்கும் மேற்பட்ட தம்பதிகளை அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு பின்தொடர்ந்தது. ஊசி போட்டதால் கருத்தரிப்பு குறையவில்லை.

வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று, வேண்டுமானால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. ரத்தத்தை நிறுத்தும் மாத்திரையை மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போடாதீர்கள். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்கு அது ஆபத்து, கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்காமல் போடுவதும் தவறு. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதை டீயோடு சேர்க்க வேண்டாம். தோட்டத்தில் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கிற பழக்கம் மாத்திரையின் பயனைப் பெரிதும் குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

எப்போது ஓட வேண்டும்? ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைவது தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் அன்றே. பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் தொடர்ந்து விழுந்தால், எட்டு நாளுக்கு மேல் நீண்டால், எழும்போது கண் இருட்டினால், கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்து ரத்தமும் பட்டால், காத்திருக்கக் கூடாது. மாற்றம் மூன்றாவது சுழற்சியிலும் தொடர்ந்தால் அது ஊசி அல்ல. தைராய்டு, நார்க்கட்டி, நீர்க்கட்டி, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது: மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு சொட்டு பட்டாலும் ஊசிதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். தடுப்பூசிக்குப் பின் அப்படிப் பட்டதாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும். ஸ்கேன் பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகே வேறு பேச்சு.

பள்ளிக்கூடத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி போடுகிறார்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசியும் வந்துவிட்டது. எச்பிவி ஊசியால் தீராத வலி, மாதவிலக்குக் கோளாறு என்று பல தொந்தரவுகள் வரும் என்ற பயம் ஜப்பானில் எழுந்து, 2013-இல் அரசு பரிந்துரையையே நிறுத்திவைத்தது. 2022-இல்தான் முழுதாக மீண்டது. இடையில் நாகோயா நகரில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் கேட்டபோது, மாதவிலக்கு ஒழுங்கின்மை உட்பட எந்த அறிகுறியும் ஊசி போட்டவர்களுக்குக் கூடுதலாக இல்லை. வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் 45 நாள் இடைவெளிகூட இயல்பே என்று அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீரும்.

நாய்க்கடி ஊசிக்கு மட்டும் நாள் கணக்கே பார்க்கக் கூடாது. ‘தூரமா இருக்கேன், குளிச்சிட்டு வந்து போட்டுக்கிறேன்’ என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே போக வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28-ஆம் நாள்கள், இரண்டு கையிலும் 0.1 மில்லி. முதல் ஊசி இடுக்கியில், அடுத்தது கம்பத்தில் என்று அமைந்தால் அந்த ஓபி சீட்டைத் தொலைக்காமல் கொண்டுபோங்கள். மாதவிலக்கு இரண்டு நாள் முன்பின் ஆவது தாங்கக்கூடியது. ரேபிஸ் வந்தபின் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம்.

ஊசிக்குப் பிறகு கண்ட மாற்றத்தைப் போட்ட இடத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளாவிட்டால் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் தேசிய எண் 1800-180-3024 இருக்கிறது. சந்தேகம் கேட்கத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திஷா 1056. மலையாளம் பேச வராத பெண்கள் அங்கே சுகாதார மையத்தில் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, வயிற்றுவலி மாத்திரையோடு திரும்பிவிடுவதுண்டு. மாதவிலக்குக்கு அங்கே ‘மாசமுற’ என்பார்கள், பலகையில் ‘ஆர்த்தவம்’ என்று எழுதியிருக்கும். நாள் தவறியது என்றால் ‘மாசமுற தெற்றி’. ரத்தப்போக்கு ‘ரக்தஸ்ராவம்’. தேதியைக் காட்டக் காலண்டரில் போட்ட வட்டத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் போதும்.